பம்ப் கன் கட்டையில் ஆட்டம், விரிசல், துரு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டெல்டா மாவட்டங்களில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குழலுக்கு எண்ணெய் போடத் தவறுவதில்லை. கட்டையை, அதாவது தோளில் ஊன்றும் பின்கட்டையையும் கைபிடிக்கும் முன்கட்டையையும், கழற்றிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. பேங்க் காவலர் தோளில் தொங்கும், முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் கன்னாக இருந்தாலும், தோப்பு வீட்டு பீரோவில் நிற்கும் 12 போராக இருந்தாலும், பழுது பெரும்பாலும் கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மரக்கட்டை உழைக்குமா, பிளாஸ்டிக் கட்டை உழைக்குமா என்று கேட்டால், இந்த ஊர்க் காற்றுக்கு இரண்டுமே உழைக்கும்; கெடுகிற விதம்தான் வேறு. மரம் வீங்கும், சுருங்கும், கறுக்கும், பூஞ்சை பூக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பார்க்கப் புதிதாகவே இருக்கும். அதற்குள் இருக்கும் போல்ட்டும் திருகும் ஓசைப்படாமல் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். மரத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். பிளாஸ்டிக்கைக் கழற்றினால்தான் தெரியும்.

எவ்வளவு அசைவு என்பதையும் கணக்காகத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தில் வாரக்கணக்கில் நின்றால், பூச்சு இல்லாத மரத்தின் ஈரம் சுமார் 17 சதவீதம் வரை ஏறும். சித்திரை, வைகாசியில் காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரமும் 9 சதவீதத்தை ஒட்டி வரும். வால்நட் மரத்தில் இந்த 8 சதவீத வித்தியாசம், 45 மி.மீ அகலமுள்ள துண்டைக் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 1 மி.மீ நகர்த்திவிடும். பீச் மரமானால் இன்னும் கூடுதல். நீளவாட்டில் மரம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. கீழே வரும் பல பழுதுகளுக்கு இந்தக் குறுக்குவாட்டு அசைவுதான் வேர்.

கை வைக்கும் முன்

குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து ஸ்லைடை (இழுத்து ஓட்டும் முன்கட்டையை) பின்னுக்கு இழுத்துத் திறந்து, குழலுக்கு அடியில் உள்ள மேகசின் குழாயின் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுங்கள். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள். மேகசின் வாயில், தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயர் தெரிய வேண்டும். பித்தளை விளிம்பு எதுவும் தெரியக்கூடாது. எடுத்த தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

துடைப்பது, போல்ட் இறுக்குவது, மரத்துக்கு எண்ணெய் பூசுவது உரிமையாளர் வேலை. அதற்கு மேல் போகும் பழுதுக்கு லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில், துப்பாக்கி தயாரிப்பது, விற்பது போலப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் தேவை. அந்தச் சட்டம் உதிரி பாகத்தையும் ஆயுதக் கணக்கில்தான் சேர்க்கிறது. கட்டை வெறும் மரம்தானே என்று தெரு ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வருவது அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. விரிசல் ஒட்டும் முறையைக் கீழே விவரமாகச் சொல்லியிருப்பது, கன் ஹவுஸில் (துப்பாக்கிக் கடையில்) செய்து தந்த வேலை சரியா என்று நீங்கள் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

அறிகுறி: பின்கட்டை ஆடுகிறது, அல்லது "டிக்" என்று சத்தம் வருகிறது

சோதனை எளிது. ஒரு கையால் ரிசீவரை (குழலும் கட்டையும் சேரும் நடு இரும்புக் கூட்டை) பிடித்து, மறு கையால் கட்டையின் கழுத்தைப் பிடித்து வலமும் இடமும் முறுக்குங்கள். சத்தமோ அசைவோ இருந்தால் கட்டை போல்ட் தளர்ந்திருக்கிறது. அசைவு தெரியாவிட்டாலும், சாதாரண ஏ4 தாளில் ஒரு கீற்றைக் கிழித்து ரிசீவருக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். அந்தத் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. எந்தப் பக்கம் நுழைகிறதோ அந்தப் பக்கம் இடைவெளி.

பெரும்பாலான பம்ப் கன்களில் கட்டையைப் பிடித்து வைத்திருப்பது பின்னாலிருந்து போகும் ஒரே ஒரு நீள போல்ட்தான். கட்டையின் பின்முனையில் உள்ள ரப்பர் ரிகாயில் பேட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் துளை தெரியும். பேட்டில் வெறும் கீறல் துளை இருந்தால், ஸ்க்ரூடிரைவர் தண்டில் சோப்புத் தண்ணீர் தடவி நுழையுங்கள், ரப்பர் கிழியாது. தண்டு 30 செ.மீ-க்குக் குறையக்கூடாது. வெட்டுத்தலை போல்ட்டாக இருந்தால் டிரைவர் நுனி 9 அல்லது 10 மி.மீ அகலம் இருக்கட்டும். நுனி சிறியதாக இருந்து நழுவினால், அது துளைச் சுவரில் ஆப்பு போல இறங்கும். உள்ளேயிருந்து பிளந்த கட்டைகளில் இந்தக் காரணம் அடிக்கடி தென்படும்.

பிளாஸ்டிக் கட்டை என்றால் இறுக்கி முடித்தால் போதும். போல்ட் தலைக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். மரம் என்றால் இறுக்கும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஏன் தளர்ந்தது? நீளவாட்டில் மரம் சுருங்குவதில்லை என்று மேலே சொன்னோம். ஆகவே வெயிலில் சுருங்கித் தளர்ந்தது என்பது சரியான பதில் இல்லை. ரிசீவரைத் தொடும் தலைப்பக்கத்து மரம் எண்ணெயில் ஊறி மெதுவாகியிருக்கும், அல்லது வாஷர் சின்னதாக இருந்து மரத்துக்குள் அமிழ்ந்திருக்கும். முதல் கோளாறு என்றால் எண்ணெய்ப் பகுதிக்குப் போங்கள். இரண்டாவது என்றால் துளை கொள்ளும் அளவுக்கு அகலமான தட்டை வாஷர் ஒன்றைச் சேர்த்து, மேலே ஸ்பிரிங் வாஷர் போட்டு, கை நிற்கும் இடம் வரை இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று. அதோடு நிறுத்துங்கள். நீள கைப்பிடி கொடுத்து முறுக்கினால் மரநார் நசுங்கும். நசுங்கிய நார் திரும்ப எழும்பாது, அடுத்த மாதம் மறுபடி ஆடும்.

ஆடும் கட்டையோடு சுடக்கூடாது. 12 போரின் உதை, ரிசீவர் முழு முகத்தில் பரவ வேண்டியது, ஆடும்போது ஒரு முனையில் சுத்தியல் அடியாக விழும். அடுத்த அறிகுறி அதன் பலன்தான்.

அறிகுறி: ரிசீவருக்குப் பின்னால் மயிரிழை விரிசல்

மரக்கட்டையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. கோடு தெரிகிறது, ஆனால் விரிசலா பூச்சுக் கீறலா என்று சந்தேகம் என்றால், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு தடவு தடவி உடனே பாருங்கள். மேற்பரப்பு சில நொடியில் உலரும். விரிசலுக்குள் போன ஸ்பிரிட் உலராமல் கரும் இழையாக நிற்கும். பூச்சுக் கீறல் அப்படி நிற்காது. பழைய அரக்குப் பாலீஷ் ஸ்பிரிட்டில் கரையும். அந்தக் கட்டைக்கு டர்பண்டைன் எடுத்துக்கொள்ளுங்கள். இழை எங்கே முடிகிறது என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் தேதியும் எழுதிவிடுங்கள். நீளுகிறதா இல்லையா என்று தெரிய வேறு வழி இல்லை.

காரணங்கள் மூன்று. கட்டை தளர்ந்து அடிவாங்கியது ஒன்று. இரண்டாவது, ரிசீவரின் பின்முகம் ஒரு பக்கம் மட்டும் மரத்தைத் தொடுவது. இதைப் பார்க்க கண்மை போதும். ரிசீவர் முகத்தில் மிக மெல்லிசாகக் கண்மை தடவி, கட்டையைப் பொருத்தி இறுக்கிக் கழற்றுங்கள். மரத்தில் இரண்டு பக்கமும் சமமாகக் கறை விழ வேண்டும். ஒரு மூலையில் மட்டும் விழுந்தால் உதை முழுவதும் அந்த மூலைக்கு. மூன்றாவது, ரிசீவரிலிருந்து பின்னோக்கி நீளும் நாக்கு உள்ள மாடல்களில் அந்த நாக்கின் கடைசி நுனி மரத்தைத் தொடுவது. அங்கே 0.5 மி.மீ இடைவெளி கட்டாயம் வேண்டும். இடைவெளி இல்லாமல் அழகாக இழைத்துப் பொருத்திய கட்டைதான் சீக்கிரம் பிளக்கும். நல்ல ஆசாரியின் கைசுத்தமே இங்கே எதிராகிவிடும்.

ஒட்டுகிற முறை:

1. கட்டையைக் கழற்றி, விரிசலை அசிட்டோனால் இரண்டு மூன்று முறை கழுவி உலரவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. தேக்குக் கட்டையானால் ஒட்டுவதற்குச் சற்று முன் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.
2. விரிசல் முடியும் புள்ளியில் 1.5 மி.மீ துளை. ஓட்டத்தை நிறுத்த இது.
3. மெதுவாக இறுகும் வகை அரால்டைட்டைக் கலந்து, கட்டையை லேசாகச் சூடுகாட்டினால் பசை இளகி உள்ளே இறங்கும். விரிசலை மெல்லப் பிளந்து பிடித்து, தையல் நூலால் பசையை உள்ளே அறுத்து ஓட்ட வேண்டும்.
4. பழைய சைக்கிள் டியூபை விரல் அகல நாடாவாக வெட்டி இறுகச் சுற்றி 24 மணி நேரம் விட வேண்டும். மழைநாள் என்றால் 48 மணி நேரம்.
5. விரிசல் 25 மி.மீ-க்கு மேல் இருந்தால் பசை மட்டும் போதாது. குறுக்கே 3 மி.மீ பித்தளை மரைக்கம்பி ஒன்று, அரால்டைட்டில் தோய்த்துத் திருகி, வெளியே நீட்டாமல் வெட்டிவிட வேண்டும்.
6. நாக்கு நுனியில் 0.5 மி.மீ இடைவெளி எடுத்து, அறுத்த இடமெல்லாம் பூச்சு கொடுக்க வேண்டும்.

ஃபெவிக்விக் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மெல்லிய பிளவில் நன்றாக இறங்கும், ஆனால் இறுகியபின் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை; உதையைத் தாங்காது. அதைவிடக் கெடுதல், பிறகு அரால்டைட் போடவும் அது இடம் விடாது.

கழுத்தைக் குறுக்கே அறுத்துப் போகும் விரிசல், அதாவது நாரோட்டத்தைக் கடந்து போவது, ஒட்டித் தேறாது. கட்டை மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: மழைக்காலத்தில் பம்ப் இழுக்கக் கனமாக இருக்கிறது

மர முன்கட்டை என்றால் முதல் சந்தேகம் வீக்கம். முன்கட்டையின் மேல் விளிம்புகள் இரண்டும் குழலின் அடிப்பக்கத்தை ஒட்டி ஓடுகின்றன. மரம் வீங்கியதும் அங்கே உரசும். குழலின் அடியில் நீலப்பூச்சு தேய்ந்து இரண்டு வெள்ளிக்கோடுகள் தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். தெரியாவிட்டால் குழலின் அடியில் கண்மை தடவி நான்கைந்து முறை பம்ப் செய்யுங்கள். உரசும் இடத்தில் மரம் கறுக்கும்.

உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். கார்த்திகையில் தேய்த்துச் சரிசெய்த முன்கட்டை சித்திரையில் கடகடவென ஆடும். காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் உலரவிட்டுப் பாருங்கள். தை அறுவடை முடிந்து காற்று காய்ந்த பிறகும் உரசினால் மட்டும், ரிப்பேர்காரரிடம் கொடுத்து உரசும் விளிம்பில் 0.5 மி.மீ எடுக்கலாம். 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320-இல் முடித்து, அன்றே பூச்சு கொடுக்க வேண்டும். தேய்த்த மரம் திறந்த வாய். ஒரே இரவில் ஈரம் குடிக்கும்.

பிளாஸ்டிக் முன்கட்டை என்றால் வீக்கம் பெரிதாக இருக்காது. நைலான் வகைகளும் கொஞ்சம் ஈரம் குடிக்கும், ஆனால் கண்ணாடி இழை கலந்து வார்த்ததால் அளவு அவ்வளவாக மாறாது. அங்கே கனம் வந்தால் கட்டையை விட்டுவிட்டு மேகசின் குழாயைப் பாருங்கள். மெல்லிய துருப்படலம், அல்லது பழைய எண்ணெயோடு நெல் தூசி சேர்ந்து பிசினாகியிருக்கும். கதிர் அடிக்கும் இயந்திரம் ஓடும் நாட்களில் திறந்த துப்பாக்கி களத்துப் பக்கம் இருந்தாலே இது நடக்கும். டர்பண்டைன் நனைத்த துணியால் குழாயைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, இரண்டே சொட்டு எண்ணெய். அதற்கு மேல் எண்ணெய் போட்டால் அடுத்த தூசிக்கு விருந்து.

அறிகுறி: கோடையில் முன்கட்டை நீளவாட்டில் பிளந்தது

இதுவும் அதே மரத்தின் மறுபக்கம். முன்கட்டையின் வயிற்றில் ஒரு இரும்புக் குழாய் ஓடுகிறது; முன்னால் பல்வெட்டு உள்ள ஒரு நட் அதைப் பிடித்திருக்கிறது. வெயிலில் மரம் சுருங்க, இரும்பு சுருங்காது. இடம் இல்லாத மரம் நாரோடு பிளந்துவிடும், வழக்கமாகச் சுவர் மெல்லிசான மேல் விளிம்பில் அல்லது நேர் அடியில்.

இதை ஒட்டுவது சுலபம், திரும்பப் பிளக்காமல் ஒட்டுவதுதான் வேலை. பல்வெட்டு நட்டை இரண்டு முள் ஸ்பானரால்தான் கழற்ற வேண்டும். உளியை வைத்துத் தட்டினால் நட்டும் போகும், மரமும் போகும். இரும்புக் குழாயை உருவியபின், அதே விட்டமுள்ள பைப்பில் உப்புத்தாளைச் சுற்றி, மரத்தின் உள்துளையைச் சுற்றிலும் 0.3 மி.மீ அளவு பெரிதாக்க வேண்டும். பிறகுதான் பசை. குழாயில் மெழுகு தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வழிந்த அரால்டைட் மரத்தையும் இரும்பையும் ஒன்றாகக் கட்டிவிடும். அடுத்த கோடையில் நிச்சயம் பிளக்கும். கடைசியில் நட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்க வேண்டும். கன் ஹவுஸில் வாங்கிவரும்போது உள்துளையைப் பெரிதாக்கினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள்.

அறிகுறி: கட்டையின் தலைப்பக்கம் கறுத்து, நகம் பதிகிறது

எண்ணெய் குடித்த மரம். ரிசீவருக்குள் தாராளமாக எண்ணெய் விட்டு, குழல் மேலே பார்க்க பீரோவில் நிற்கவைத்தால், எண்ணெய் முழுவதும் கீழிறங்கிக் கட்டையின் வெட்டுமுகத்தில் தேங்கும். வெட்டுமுகத்தில் மரத்தின் குழல்கள் திறந்திருப்பதால் பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாக உறிஞ்சும். நார் மெதுவாகி, உதையைத் தாங்காமல் நசுங்கி, கட்டை ஆடி, பிளந்து… மேலே சொன்ன இரண்டு அறிகுறிகளும் இங்கிருந்து கிளம்பியவைதான்.

பெயின்ட் கடையில் கிடைக்கும் சாக் பவுடரை அசிட்டோனில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, கறுத்த இடத்தில் 3 மி.மீ கனத்துக்கு அப்புங்கள். உலர உலர பொடி பழுப்பாகும். மரத்திலிருந்து ஏறிய எண்ணெய் அது. உலர்ந்ததும் பிரஷால் உதிர்த்து மறுபடி அப்புங்கள். பொடி வெள்ளையாகவே உதிரும் வரை இதைத் தொடர வேண்டும். பழைய கட்டையானால் நான்கைந்து சுற்று ஆகும். திறந்த வெளியில், அடுப்புக்குத் தொலைவில் செய்யுங்கள். பூச்சுள்ள வெளிப்பக்கத்தில் அசிட்டோன் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பாலீஷ் உரிந்துவிடும்.

எண்ணெய் போனபின் தலைமுகத்துக்கும் பேட்டுக்கு அடியில் உள்ள பின்முகத்துக்கும் பூச்சு கொடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் கட்டைகளில்கூட இந்த இரண்டு முகமும் சில சமயம் வெறுமையாக இருக்கும். பாயில்ட் லின்சீட் ஆயிலை டர்பண்டைனுடன் பாதிக்குப் பாதி கலந்து முதல் பூச்சு, பிறகு கலக்காமல் மெல்லிய பூச்சு மூன்று. கோடையில் ஒரு பூச்சுக்கு ஒரு நாள் போதும். அடைமழையில் இரண்டு மூன்று நாள் ஆகும். ஒட்டும் பதம் போகாமல் அடுத்ததைப் பூசினால் கடைசி வரை பிசுபிசுப்பு போகாது. லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் அது எந்தக் காலத்திலும் உலராது. சிக்கெடுத்து, பூஞ்சைக்குச் சோறாகும். இனிமேல் எண்ணெய் போட்ட துப்பாக்கியை ஒரு இரவு படுக்கைவாட்டில் வைத்து, கசிந்ததைத் துடைத்தபின் நிறுத்துங்கள்.

அறிகுறி: வெள்ளைப் படலம், பூஞ்சை, மாவு உதிரும் துளை

பாலீஷுக்குள் பால் கலந்தது போல வெளுத்தால், அரக்குப் பாலீஷ் அல்லது லாக்கரில் ஈரம் சிக்கியிருக்கிறது. உலர்ந்த காற்றில் ஒரு வாரம் வைத்தாலே பாதி மறையும். பூஞ்சை என்றால் ஸ்பிரிட் துணியால் துடைத்து உலர்த்தி, உறையை மாற்றுங்கள். ரெக்சின் உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் துப்பாக்கி, மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் கெடும். வெறும் பீரோவில் துணி உறையும், சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலமும் போதும். ஜெல்லை மாதம் ஒருமுறை சூடுகாட்டி உலர்த்த வேண்டும்.

1 முதல் 2 மி.மீ வட்டத் துளையும், கீழே மைதா போன்ற பொடியும் இருந்தால் வண்டு. அது மரத்தின் நடுவில் உள்ள வைரத்தைத் தொடாது, வெளிவட்டத்து வெளிறைத்தான் தின்னும். கட்டையின் ஓரத்தில் வெளிர்நிறப் பட்டை இருந்தால் அங்கேயே தேடுங்கள். ஊசியால் துளைதோறும் மரவண்டு மருந்து ஏற்றி, பாலித்தீனில் சுற்றி இரண்டு வாரம் வைக்கலாம். கழுத்துப் பகுதியில் வண்டு விழுந்திருந்தால் மருந்தோடு நிற்காமல் கட்டையையே மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பிளாஸ்டிக் கட்டைக்குள் சலசலப்பு, அல்லது பழுப்பு நீர் வழிகிறது

பிளாஸ்டிக் பின்கட்டை உள்ளே கூடு. மழையில் நின்ற காவலரின் துப்பாக்கியில் தண்ணீர் பேட் விளிம்பு வழியாகவும் தோள்வார் மாட்டும் ஸ்லிங் ஆணியின் துளை வழியாகவும் உள்ளே போகும். வெளியே துடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். உள்ளே போன ஒரு ஸ்பூன் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பகல் வெயிலில் ஆவியாகி, இரவில் அதே கூட்டுக்குள் வியர்த்து, கட்டை போல்ட்டின் மேல் படிந்துகொண்டே இருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்தால் போல்ட் தலையின் வெட்டுப்பள்ளம் துருவில் மூடி, பிறகு டிரைவரே பிடிக்காத நிலை வரும். ஸ்லிங் ஆணிக்குக் கீழே பழுப்புக் கண்ணீர்க்கோடு தெரிந்தால் உள்ளே துரு முற்றியிருக்கிறது என்று பொருள்.

பேட்டைக் கழற்றி, டார்ச் அடித்து போல்ட் தலையைப் பாருங்கள். மெல்லிய துரு என்றால் போல்ட்டை முழுதாக வெளியே எடுத்து, கம்பி பிரஷால் தேய்த்து, மரையிலும் தண்டிலும் கிரீஸ் தடவி மறுபடி போடுங்கள். இறுகிப்போயிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை நாலு சொட்டு விட்டு, ஒரு இரவு குழல் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வையுங்கள். எண்ணெய் மரைக்கு இறங்க வேண்டும். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலிழை திருப்பி, பிறகு கழற்றும் பக்கம். அப்போதும் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ரிசீவருக்குள் போல்ட் முறிந்தால் எடுக்கும் செலவில் புதுக் கட்டையே வாங்கலாம்.

கூட்டை உலர்த்த, பேட் இல்லாமல் வாயைக் கீழ்நோக்கி இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும். பேட்டை மாட்டும்போது திருகுகளுக்கும் கிரீஸ். ஐப்பசிக்கு முன் ஒருமுறை, பொங்கல் கழித்து ஒருமுறை என்று போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பவருக்கு இந்தப் பகுதியே தேவைப்படாது.

அறிகுறி: பிளாஸ்டிக்கில் வெண்கோடு, விரிசல், சாம்பல் பூத்த நிறம்

வளைவுகளில் வெண்மையான மங்கல் கோடு தெரிந்தால், அந்த இடம் தாங்கும் அளவுக்கு மேல் வளைந்திருக்கிறது. கழுத்தின் அடியில், ஸ்லிங் ஆணியைச் சுற்றி, வார்ப்பின் இணைப்புக் கோட்டில் பாருங்கள். அது விரிசலாகத் திறந்துவிட்டால் ஒட்ட முயல வேண்டாம். நைலானிலும் பாலிப்ரோப்பிலினிலும் அரால்டைட் உருப்படியாகப் பிடிக்காது. மரத்தை ஒட்டலாம், இதை மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக்கை என்றைக்கும் உடையாதது என்று விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

சாம்பல் பூப்பது வெயில் பட்டு மேல்தோல் கெட்டது. வலு குறைந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை, ஆனால் கண்ணாடி இழை வெளியே வந்து உள்ளங்கை அரித்தால் மாற்றுங்கள்.

கொசு கிரீமைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ள டீட் நைலானை ஒன்றும் செய்யாது. வார்னிஷையும், மென்மையான ரப்பர் பூச்சுள்ள கைப்பிடியையும் இளக்கிவிடும். ராக்காவல் துப்பாக்கியில் விரல் பதிந்த தடம் போகாமல் நின்றால் கிரீம்தான் காரணம். பூசிய கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

அறிகுறி: ரிகாயில் பேட் பிசுபிசுக்கிறது

ரப்பர் வயதாகிவிட்டது, வெப்பமும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்த வேலை. பவுடர் போட்டுச் சமாளிப்பது நாலு நாள். மாற்றுங்கள். மரக்கட்டையில் பழைய திருகுத் துளை பெரிதாகியிருந்தால், மூங்கில் குச்சி ஒன்றைப் பசையில் தோய்த்து அடைத்து, உலர்ந்தபின் 2 மி.மீ துளை போட்டுத் திருகுங்கள்.

அறிகுறி: துப்பாக்கி வெள்ளத்தில் முழுகியது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது; அப்படி ஒரு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் துப்பாக்கி பீரோவோடு முழுகும். இப்படி நனைந்தால் வரிசை முக்கியம். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பையும் சேற்றையும் போக்குங்கள். உப்பு தங்கினால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அன்றே கட்டையைக் கழற்றி, இரும்பைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். இரும்பு மறுநாள் வரை பொறுக்காது, மரம் பொறுக்கும்.

மரத்தை வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். வெட்டுமுகம் முதலில் காய்ந்து பிளக்கும். நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 2, 3 கிராமுக்கு மேல் குறையாவிட்டால் உலர்ந்துவிட்டது. அதற்கு முன் மாட்டினால் ஈரம் இரும்புக்குப் போகும். நனைந்த தோட்டாக்களைக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம்; டீலரிடம் ஒப்படையுங்கள்.

தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலோ கன் ஹவுஸிலோ ஒப்படைக்கும் துப்பாக்கி, வாரக்கணக்கில் கைபடாமல் இருக்கும். கொடுப்பதற்கு முந்தைய நாள் மரத்துக்கு மெழுகு தேய்த்து, இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் கொடுத்து, ரிசீவருக்குள் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். துணி உறையில் சிலிக்கா ஜெல் போடுங்கள். கட்டையில் ஏற்கெனவே உள்ள விரிசலையும் அடிபட்ட தடத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, முடிந்தால் ரசீதிலும் எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் முதலில் முறுக்கிப் பார்க்கும் சோதனை, பிறகு ஸ்பிரிட் சோதனை.

மாற்றுவதென்று முடிவானால்

கடலோரத்தில் தினமும் மழையிலும் வெயிலிலும் எடுத்துப் போகும் காவல் துப்பாக்கிக்கு பிளாஸ்டிக், வருடத்துக்கு இருமுறை போல்ட்டைப் பார்க்கும் ஒழுங்கு இருந்தால். தஞ்சாவூர், திருவாரூர் உட்புறத்தில் வீட்டோடு இருக்கும் துப்பாக்கிக்கு நல்ல வால்நட் கட்டை பூச்சு குலையாதவரை ஒரு தலைமுறை தாண்டும். பழுதானாலும் ஒட்டிச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக்குக்கு மாறினால் பெரும்பாலும் பின்பக்கம் எடை குறையும், துப்பாக்கி குழல்பக்கம் தாழும், தோளில் உதையும் கொஞ்சம் கூடும்.

மரத்துக்கு இருந்த போல்ட்டையே பிளாஸ்டிக்குக்குப் போடாதீர்கள். பல மாடல்களில் இரண்டுக்கும் போல்ட் நீளமும் வாஷரும் வேறு. நீளம் கூடினால் முனை ரிசீவருக்குள் நீட்டி அங்கே முன்னும் பின்னும் ஓடும் பிரீச் போல்ட்டின் (சேம்பரை மூடும் பாகத்தின்) ஓட்டத்தைத் தடுக்கும். குறைந்தால் இரண்டு மூன்று மரையில் மட்டும் தொங்கி, சில தோட்டாக்களில் பிடுங்கிக்கொள்ளும். கட்டையைப் பொருத்தியதும் காலி துப்பாக்கியில் ஸ்லைடை மெதுவாகக் கடைசி வரை பின்னுக்கு இழுத்து, எங்கும் முட்டாமல் போகிறதா என்று பாருங்கள். முட்டினால் போல்ட்டைக் கழற்றி நீளத்தைச் சரிபார்த்த பிறகுதான் துப்பாக்கியைக் கன் ஹவுஸிலிருந்து எடுத்துவர வேண்டும்.